9 வாரம், மூடிய அறையில் நெயில் பாலிஷ் போட்டுவிட்டேன், குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

தூறல் எழுதியது:

எனக்கு இது முதல் குழந்தை, இப்போது 9 வாரம். போன ஞாயிறு ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கை, கால் இரண்டுக்கும் நெயில் பாலிஷ் போட்டேன். ஏசி ஓடியதால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பழையதை ரிமூவர் வைத்து எடுத்து, பேஸ் கோட், இரண்டு முறை நிறம், டாப் கோட் என்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாதியிலேயே தலை கனத்தது, முடித்த கையோடு வாந்தி. மசக்கைதானே என்று விட்டுவிட்டேன்.

விசேஷத்தில் உறவுக்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மாசமா இருக்கும்போது இதெல்லாம் விஷம்மா, குழந்தைக்குப் போய்ச் சேரும்" என்றார். அன்று இரவு முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் ஒன்றும் ஆகாது என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய், கருச்சிதைவு என்று என்னென்னவோ இருக்கிறது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. அடுத்த ஸ்கேன் 12வது வாரத்தில்தான். இப்போது நகத்தில் இருப்பதை எடுக்கலாமா, எடுக்க மறுபடி ரிமூவர் வேண்டுமே, அதுவும் விஷமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கவின்மொழி எழுதியது:

தூறல், முதலில் மூச்சை இழுத்து விடுங்கள். எனக்கு இரண்டு குழந்தைகள், இரண்டு முறையும் மாசத்துக்கு ஒரு தடவையாவது போட்டிருக்கிறேன், மருத்துவரிடம் காட்டிக் கேட்டும் இருக்கிறேன். "காற்றோட்டமாக உட்கார்ந்து போடுங்கள், அதற்கு மேல் கவலை வேண்டாம்" என்றுதான் சொன்னார். உங்களுக்கு வந்த தலைவலி மூடிய அறையால் வந்தது. அடுத்த முறை ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

முல்லைக்கொடி எழுதியது:

கவின்மொழி, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் எல்லோருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஒன்பது மாதம் நகத்துக்குச் சாயம் பூசாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் முதல் வாரத்திலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சந்தேகம் இருந்தால் தொடாமல் இருப்பதுதான் சரி என்பது என் கருத்து.

இளவேனில் எழுதியது:

பெயின்ட் தயாரிக்கும் இடத்தில் ஆய்வகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெயில் பாலிஷ் அடிப்படையில் ஒரு பெயின்ட்தான். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள்தான் நகத்தில் படலமாகப் படிகிறது, ஒரு காலத்தில் கார்களுக்கு அடித்த லாக்கரிலும் இதுவேதான் இருந்தது. அதைக் கரைத்து வைக்க எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்கள். காய்ந்த படலம் வெடிக்காமல் வளைந்து கொடுக்க ஒரு பிளாஸ்டிசைசர், நன்றாக ஒட்டிக்கொண்டு பளபளக்க ஒரு ரெசின், அப்புறம் நிறமி. பாட்டிலில் பாதிக்கும் மேல் கரைப்பான்தான். பாலிஷ் "காய்கிறது" என்றால் அந்தக் கரைப்பான் நகத்தை விட்டு அறையின் காற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். ஆக, நீங்கள் பூசும் அந்த நேரமும் காயும் நேரமும்தான் முக்கியம். காய்ந்த பிறகு நகத்தில் இருப்பது வெறும் படலம், அதிலிருந்து பெரிதாக ஒன்றும் வெளியே வராது.

பயமுறுத்தும் பெயர்கள் மூன்று: டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டில் தாலேட். தாலேட், கருவுற்ற விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்த சோதனைகளில் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுத்தது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2004ல் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்தது, அடுத்த சில ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் மற்ற நாடுகளில் விற்பதிலிருந்தும் எடுத்துவிட்டன. ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது உண்மை. ஆனால் சாதாரண பாலிஷில் அது ரெசினிலிருந்து வரும் மிச்சமாக மிகக் கொஞ்சம் இருக்கும். அதிகமாக இருக்கக்கூடியது நெயில் ஹார்டனரில், உடையும் நகத்தைக் கெட்டியாக்கும் திரவம் என்று விற்பார்களே, அதில். அதைக் கர்ப்பகாலத்தில் தொடவே வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். லேபிளில் ஃபார்மலின் என்றோ மெத்திலீன் கிளைக்கால் என்றோ எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

டொலுயீன் கருவைப் பாதிக்கும் என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் போதைக்காகப் பசையையும் பெயின்ட்டையும் நாள்தோறும் முகர்ந்த கர்ப்பிணிகளைப் பற்றியதாக இருக்கும். அவர்களின் குழந்தைகள் எடை குறைவாகவும் முக அமைப்பில் மாற்றங்களோடும் பிறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் உள்ளே இழுத்த அளவும் நீங்கள் முக்கால் மணி நேரத்தில் இழுத்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

முல்லைக்கொடி, நீங்கள் நிறுத்தியது உங்கள் முடிவு, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே போட்டுவிட்டு மூன்று நாளாகத் தூங்காமல் இருக்கும் பெண்ணிடம் "தொடாமல் இருந்திருக்கலாம்" என்பது பதில் ஆகாது. தூறல், 9 வாரம் என்பது உறுப்புகள் உருவாகும் காலம்தான், அதை மறைக்க மாட்டேன். எனவே கவனமாக இருக்க நினைப்பது நியாயம். ஆனால் வீட்டில் எப்போதாவது ஒரு முறை பூசிக்கொண்டதால் குழந்தைக்குக் குறை வந்தது என்று காட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. தலைவலி, உங்கள் உடல் "இங்கே காற்று சரியில்லை, எழுந்து போ" என்று சொன்னது. அடுத்த தடவை அது சொன்ன உடனே எழுந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ரிமூவர் பற்றி: அசிட்டோன் நம் உடலே தயாரிக்கும் பொருள். வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தியால் எதுவும் தங்காமல் போனாலோ மூச்சிலேயே அதன் வாடை வரும். அதற்காக அதை முகர்ந்துகொண்டு உட்காரச் சொல்லவில்லை. பஞ்சில் கொஞ்சம் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் துடைத்து எறிந்துவிட்டு கையைக் கழுவினால் போதும். அசிட்டோன் இல்லாத ரிமூவர் என்பதும் எத்தில் அசிடேட் போன்ற இன்னொரு கரைப்பான்தான், கர்ப்பிணிக்கென்று செய்தது என்று நினைத்து அதிக விலை கொடுக்க வேண்டாம். முக்கியமான ஒன்று, இரண்டுமே சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தூறல் எழுதியது:

இளவேனில் அக்கா, ரொம்ப நன்றி. படித்துவிட்டு அழுதுவிட்டேன், நிம்மதியில்தான். இன்னும் ஒரு சந்தேகம். நகம் வழியாக உள்ளே போகாதா? உறவுக்காரப் பெண் சொன்னது அதுதான், நகம் உறிஞ்சி ரத்தத்தில் கலந்துவிடும் என்று.

இளவேனில் எழுதியது:

நகம் இறந்த கெரட்டின் தகடு தூறல், அதன் வழியாக எதுவும் உள்ளே போகாது. மூச்சு வழிதான் வழி.

நெய்தல் எழுதியது:

இளவேனில், மற்றதெல்லாம் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் இந்தக் கடைசி வரியை அப்படியே விட முடியவில்லை. 2015ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ட்ரைஃபினைல் பாஸ்பேட் கலந்த பாலிஷைப் போடச் சொல்லிவிட்டு அவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். போட்ட 10 முதல் 14 மணி நேரத்துக்குப் பிறகு, உடல் அந்தப் பொருளை உடைத்து வெளியேற்றும் கழிவின் அளவு கிட்டத்தட்ட ஏழு மடங்கு ஏறியிருந்தது. முக்கியமான பகுதி இனிமேல்தான். அவர்களில் சிலர் இன்னொரு முறை கையுறை போட்டுக்கொண்டு அதற்கு மேல் ஒட்டிய செயற்கை நகத்தில் அதே பாலிஷைப் பூசினார்கள். வாடை அதே வாடை, காற்று அதே காற்று. ஆனால் அப்போது அளவு அப்படி ஏறவில்லை. அப்படியென்றால் இந்தக் குறிப்பிட்ட பொருள் பெரும்பாலும் மூச்சு வழியாகப் போகவில்லை, விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. நகத்தைச் சுற்றியுள்ள தோல் வழியாகப் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம், கரைப்பான்கள் நகத்தைக் கொஞ்சம் இளக்கி வழி விடலாம் என்பதும் ஒன்று.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், டைபியூட்டில் தாலேட்டை எடுத்த இடத்தில் பல நிறுவனங்கள் பிளாஸ்டிசைசராக வைத்தது இந்த ட்ரைஃபினைல் பாஸ்பேட்டைத்தான். ஹார்மோன்களோடு விளையாடக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் இது, ஃபோம் மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலப்பதும் இதையே. ஒன்றைத் துரத்திவிட்டு அதன் அண்ணனைக் கூட்டி வந்த மாதிரி.

இளவேனில் எழுதியது:

நெய்தல், நான் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். கரைப்பான்களை மட்டும் மனத்தில் வைத்துச் சொன்ன பதில் அது. அவை சட்டென்று ஆவியாகிவிடும், பிளாஸ்டிசைசர் ஆவியாகாமல் படலத்திலேயே தங்கும், எனவே தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆய்வகத்திலும் பிளாஸ்டிசைசர் கையில் பட்டால் உடனே கழுவச் சொல்வார்கள், இங்கே அது நினைவுக்கு வராமல் போனது என் பிழை.

தூறல், அந்த ஆய்வு அளந்தது பொருள் உடலுக்குள் வந்து வெளியே போனதைத்தான், எந்தக் குழந்தைக்கும் கேடு வந்ததை அல்ல. உடல் ஓரிரு நாளில் அதை வெளியேற்றிவிடும். ஆனால் பூசும் முறையை மாற்ற அது போதுமான காரணம். நகத்தின் அடியில், தோல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் மயிரிழை அளவு இடைவெளி விட்டுப் பூசுங்கள். தோலில் வழிந்தால் காயும் முன் துடைத்துவிடுங்கள். லேபிளில் ட்ரைஃபினைல் பாஸ்பேட் என்று இருந்தால் வேறு பாட்டில் எடுங்கள், அது இல்லாத பாலிஷ்கள் நிறைய வந்துவிட்டன.

முல்லைக்கொடி எழுதியது:

பார்த்தீர்களா, இதனால்தான் சொன்னேன். நேற்றுப் பாதுகாப்பு என்றார்கள், இன்று ஏழு மடங்கு என்கிறார்கள். ஆனாலும் தூறல், உங்களைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. எனக்கு முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை, அதனால் எதைப் பார்த்தாலும் பயம். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தபோது கடுமையாக இருந்தது போல் பட்டது. மன்னியுங்கள்.

தூறல் எழுதியது:

ஐயோ, மன்னிப்பு எதற்கு அக்கா. இந்த முறை நல்லபடியாக நடக்கட்டும்.

இப்போது பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். "10 ஃப்ரீ" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் இந்த விஷயங்கள் எதுவும் இல்லைதானே? பொருள் பட்டியலை அட்டைப் பெட்டியில்தான் அச்சிட்டிருந்தார்கள், அதை எறிந்துவிட்டேன்.

நெய்தல் எழுதியது:

"10 ஃப்ரீ" என்றால் என்ன என்று சட்டமோ தரநிலையோ எதுவும் வரையறுக்கவில்லை தூறல். "3 ஃப்ரீ" என்றால் மேலே சொன்ன மூன்றும் இல்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் 5, 7, 10 என்று எண்ணிக்கை ஏற ஏற எந்தெந்தப் பொருளைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. அதற்கும் முன்னால் 2012ல் கலிபோர்னியா அரசின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை அழகு நிலையங்களுக்கு விற்கப்பட்ட 25 பொருட்களை எடுத்துச் சோதித்தது. டொலுயீன் இல்லை என்று சொல்லிக்கொண்ட 12ல் 10ல் டொலுயீன் இருந்தது! அதனால் முன்பக்க எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டில் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் கர்ப்பகாலத்தில் வேண்டாம். உங்கள் பாட்டிலின் பட்டியல் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும், பெயரும் நிற எண்ணும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பனிமலர் எழுதியது:

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று தயக்கம். நான் நெயில் பார்லரில் வேலை செய்கிறேன், ஆறு வருடமாக. இப்போது 14 வாரம். நீங்கள் எல்லோரும் முக்கால் மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் அந்த மேசையில் உட்காருகிறேன். பாலிஷ் மட்டும் இல்லை, அக்ரிலிக் நகம், ஜெல், அராவும் தூசி எல்லாம் உண்டு. அறை சிறியது, ஒரே ஒரு ஜன்னல், அதையும் ஏசிக்காக மூடியே வைத்திருப்பார்கள். மாஸ்க் போடுகிறேன், சாதாரண நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க். முதலாளியிடம் சொன்னால் "இத்தனை பேர் செய்யவில்லையா" என்கிறார். வேலையை விட முடியாது, வீட்டில் என் சம்பளம் வேண்டும். நான் என்ன செய்வது?

கவின்மொழி எழுதியது:

பனிமலர், நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியையே பேசிக்கொண்டிருந்தோம், உங்களை மறந்துவிட்டோம். இளவேனில், உங்கள் வேலையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதானே, அவருக்குச் சொல்லுங்கள்.

இளவேனில் எழுதியது:

பனிமலர், தூறலிடம் "கவலை வேண்டாம்" என்று சொன்ன அதே வாயால் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அளவு வேறு, நாள் கணக்கு வேறு. அழகு நிலையங்களில் நீண்ட நேரம் வேலை பார்க்கும் பெண்களிடம் கருச்சிதைவும் குறைந்த எடைப் பிரசவமும் சற்று அதிகமாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வேறு சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. பயந்துபோய் உட்கார வேண்டாம், ஆனால் இப்போதே சிலவற்றை மாற்றியாக வேண்டும்.

முதலில் அந்த மாஸ்க். சர்ஜிக்கல் மாஸ்க் கரைப்பான் ஆவியைக் கொஞ்சமும் தடுக்காது. என்95 மாஸ்க் அராவும்போது பறக்கும் தூசியைத் தடுக்கும், ஆவியை அதுவும் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த சுவாசக் கவசம் வேண்டும், அது கனமானது, கர்ப்பத்தில் மூச்சு வாங்கும், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது காற்றுதான். ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இதை உங்கள் முதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள், நிறையப் பேருக்கு இது தெரியாது. ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும்படி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கதவு கொஞ்சம் திறந்து. உங்கள் மேசை எக்ஸாஸ்ட் பக்கத்தில், காற்று உங்கள் முகத்தைத் தாண்டி ஆவியை வெளியே எடுத்துப் போகும்படி இருக்க வேண்டும். முகத்துக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் மருந்துக் கிண்ணம் இருக்கட்டும், கிண்ணத்துக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் உங்கள் முகம் இருக்கக் கூடாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எங்கள் ஆய்வகத்தில் இதைத்தான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். மேசையிலேயே உறிஞ்சும் வசதி செய்துகொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது திறந்து கிடப்பவை. மோனோமர், அதாவது அக்ரிலிக் நகம் செய்யும் திரவம், இருக்கும் கிண்ணத்துக்கு மூடி போடுங்கள், தொடும்போது மட்டும் திறங்கள். அசிட்டோன் தோய்ந்த பஞ்சைத் திறந்த கூடையில் போட்டால் அது நாள் முழுக்க ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், எனவே மூடியுள்ள உலோகத் தொட்டி, அதையும் நாளைக்கு இரண்டு மூன்று முறை வெளியே கொட்டுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், மருந்து பட்டதும் மாற்றுங்கள், அசிட்டோன் அதையும் சீக்கிரம் ஊடுருவிவிடும். அந்த மேசையில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். சாப்பிட வெளியே போங்கள், போகும் முன் கை கழுவுங்கள்.

அக்ரிலிக் திரவம் எது என்று பாருங்கள். மெத்தில் மெத்தாக்ரிலேட் இருந்தால் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். 1970களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. எப்படித் தெரியும் என்றால், வாடை மூக்கைத் துளைக்கும், காய்ந்த நகம் கல் மாதிரி அராவ வராது, அசிட்டோனில் ஊறவைத்தாலும் இளகாது, மற்றதைவிட மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று உண்டு, விற்பவரிடம் கேட்டு வாங்கி அடுத்த பரிசோதனைக்கு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். வேலையை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கேளுங்கள். வரவேற்பு மேசை, முன்பதிவு, சாதனங்களைக் கழுவி வைப்பது, வெறும் நகம் வெட்டி விரல் நீவி விடுவது என்று ஆவி இல்லாத வேலையும் பார்லரில் உண்டு. வாயால் சொன்னதைக் காதில் வாங்காத முதலாளிகள் மருத்துவர் தாளைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

பனிமலர் எழுதியது:

பஞ்சுக் கூடையைப் பற்றி யாரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை. என் காலடியில்தான் இருக்கிறது அந்தத் திறந்த கூடை, ஆறு வருடமாக. நாளைக்கே மாற்றுகிறேன்.

தேன்சிட்டு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஜெல் பாலிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு 20 வாரம், வீட்டிலேயே விளக்கு வாங்கி வைத்திருக்கிறேன். அந்த யுவி வெளிச்சம் வயிற்றுக்குள் போகுமா?

நெய்தல் எழுதியது:

போகாது. அந்த விளக்கு தருவது யுவி ஏ, தோலைத் தாண்டி உள்ளே போகும் சக்தி அதற்கு இல்லை. கையின் தோலுக்குத்தான் அது நல்லதல்ல, விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும்.

எனக்கு ஜெல்லில் கவலை வேறு இடத்தில். வீட்டு விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பச்சையாகவே இருக்கும். அப்படிக் காயாத ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற பொருள் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது. பிறகு பல் அடைக்கும் பொருளுக்கும் அக்ரிலேட் என்பதால் தொல்லை வரலாம். ஹெமா என்ற பொருள் உள்ள ஜெல்லைத் தொழில்முறைக் கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பாவில் விதியே இருக்கிறது. அப்புறம் டிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பொருள், ஜெல்லை வெளிச்சத்தில் கெட்டியாக்குவது. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதித்ததால் 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் தடை. நீங்கள் வைத்திருப்பது அதற்கு முன் வாங்கியது என்றால் பட்டியலைப் பாருங்கள், இருந்தால் ஒதுக்கிவையுங்கள். ஜெல்லை எடுக்கவும் பத்துப் பதினைந்து நிமிடம் அசிட்டோனில் ஊற வேண்டும். என்னைக் கேட்டால் இந்தச் சில மாதம் சாதாரண பாலிஷே போதும்.

பிரசவ அறைச் செவிலி எழுதியது:

பெயரைப் பார்த்தாலே என் வேலை தெரியும். எல்லோரும் போடுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். பிரசவத் தேதி நெருங்கும்போது, ஏறக்குறைய 36 வாரத்திலிருந்து, விரல்களை வெறுமையாக வைத்திருங்கள். நாங்கள் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது. கறுப்பு, நீலம், பச்சை போன்ற அடர்ந்த நிறங்கள் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். ரத்த ஓட்டத்தைப் பார்க்க நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா என்றும் பார்ப்போம், உதடும் நகமும் நீலம் பாய்கிறதா என்றும் பார்ப்போம். பாலிஷ் இருந்தால் எதுவும் தெரியாது. சாதாரண பாலிஷ் என்றால் நாங்களே துடைத்துவிடுவோம். அவசர சிசேரியனுக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பத்து விரலிலும் கனமான ஜெல் நகம். கருவியைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டி, காது மடலில் மாட்டி என்று சமாளித்தோம். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்குக் கனமானது.

இன்னொன்று, குழந்தை பிறந்த பிறகு செயற்கை நகம் வேண்டாம். அதன் அடியில் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. உலக சுகாதார அமைப்பின் கை சுத்த வழிகாட்டுதல் நோயாளிகளைத் தொடும் எங்களுக்கே செயற்கை நகம் கூடாது என்கிறது. பிறந்த குழந்தையின் தோல் அவ்வளவு மெல்லியது.

நகம் மஞ்சளாகவோ தடித்தோ இருந்தால் அதை மறைக்கப் பாலிஷ் பூசிக்கொண்டே போகாதீர்கள். பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்காகக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடவும் கூடாது, கிரிசியோஃபல்வின் போன்ற பூஞ்சை மாத்திரைகள் கர்ப்பத்தில் தரவே கூடாதவை. பாதத்தை ஊறவைக்கும் தொட்டி உள்ள இடங்களுக்குப் போனால், ஒவ்வொருவருக்கும் நடுவில் கழுவிக் கிருமி நீக்குகிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், நகத்தடித் தோலை வெட்டவும் விடாதீர்கள்.

தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் பாட்டிலின் பட்டியலைத் தேடிப் பிடித்துவிட்டேன். டொலுயீன் இல்லை, ஃபார்மால்டிஹைடு இல்லை, ஆனால் ட்ரைஃபினைல் பாஸ்பேட் இருக்கிறது. "10 ஃப்ரீ" பாட்டிலில்! நெய்தல் சொன்னது சரிதான். இன்று மாலை பால்கனியில் உட்கார்ந்து துடைத்து எடுத்துவிட்டேன், ஐந்து நிமிடம் ஆயிற்று, தலைவலி இல்லை. மருத்துவருக்குத் தொலைபேசியிலும் கேட்டேன். அவரும் ஒரு முறை போட்டதற்காகத் தனியாக எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, 12வது வார ஸ்கேனுக்கு வழக்கம்போல வாருங்கள் என்றார். நேற்று இரவு தூங்கினேன்.

முல்லைக்கொடி எழுதியது:

சந்தோஷம் தூறல். ஸ்கேன் முடிந்ததும் வந்து சொல்லுங்கள், காத்திருப்பேன்.

பனிமலர் எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, என்ன ஆயிற்று என்று சொல்ல வந்தேன். மூடி போட்ட தொட்டியை நானே வாங்கி வைத்தேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது, மாலையில் வரும் தலைபாரம் பாதியாகிவிட்டது. என் பக்கத்து மேசைப் பெண்ணும் அதையே சொன்னாள், அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, அவளும் தினமும் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மருத்துவர் கடிதம் கொடுத்தார். அக்ரிலிக் வேலை பிரசவம் வரை எனக்கு இல்லை, பாதி நாள் வரவேற்பு மேசை, பாதி நாள் சாதாரண பாலிஷ் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஏசி பற்றிச் சொன்னதை முதலில் நம்பவில்லை, பிறகு யாரையோ கேட்டிருக்கிறார் போலிருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் வெள்ளிக்கிழமை மாட்ட ஆள் வருகிறது. மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் இன்னொரு முறை சொல்லுங்கள் இளவேனில் அக்கா. ஜன்னல் என் இடது கைப்பக்கம் வருகிறது, வாடிக்கையாளர் எனக்கு எதிரில் உட்காருவார்.

இளவேனில் எழுதியது:

ஜன்னலுக்குச் சரியாகப் பக்கவாட்டில் போடுங்கள் பனிமலர், இப்போது இருக்கும் மாதிரியே, ஆனால் கிண்ணமும் பாட்டிலும் உங்கள் இடது கைப்பக்கம், ஜன்னலை ஒட்டி இருக்கட்டும். காற்று கதவிலிருந்து வந்து உங்கள் வலது தோளைத் தாண்டி, கிண்ணத்தைத் தாண்டி, வெளியே போகும். வாடிக்கையாளர் முகத்துக்கும் போகாது. ஃபேன் மாட்டிய பிறகு ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைக் கிண்ணத்துக்கு மேல் பிடித்துப் பாருங்கள், அது ஜன்னல் பக்கம் சாய வேண்டும். உங்கள் பக்கம் சாய்ந்தால் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த ஆள் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.